ஏரிக்கரைக்கு யாரோடு போவது?

பணி ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆன ஒருவருக்கு மகள் பைனாகுலர் வாங்கித் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் ஊர்க் கண்மாயில் நாரைகளைப் பார்த்து வளர்ந்தவர். வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு என்று நாற்பது ஆண்டு ஓடிய பிறகு அந்த ஆசை திரும்பி வருகிறது. விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்து பக்கத்து ஏரிக்குப் போகிறார். நாணலுக்குள் நீலத் தாழைக்கோழி வாலை வெட்டி வெட்டி நடக்கிறது. நெடுங்கால் உள்ளான் சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லை. மறுநாள் முள்மரத்தின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஒரு பறவை. பருந்தா, வல்லூறா? கேட்கவும் ஆள் இல்லை. நான்காவது வாரம் மழை, போகவில்லை. ஐந்தாவது வாரம் மழை இல்லை, அப்போதும் போகவில்லை. பைனாகுலர் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அவருடைய ஆர்வம் அப்படியேதான் இருக்கிறது. "நாளைக்கு வர்றீங்கல்ல சார்?" என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால், மழை விட்ட வாரமே கிளம்பியிருப்பார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தப் பங்கு அதன் பிறகு கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. ஓய்வுக் காலத்துக்கான பணத்தைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு, ஓய்வுக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வீட்டுக்கு வெளியே, வெயிலிலும் காற்றிலும் செய்கிற ஒரு பொழுதுபோக்குக்குத் துணை தேடுவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். எடுத்துக்காட்டாகப் பறவை பார்த்தலை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அதற்கு ஏரிகள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், ஆண்டு முழுவதற்கும் ஒரு கால அட்டவணையும் இருக்கிறது.

முதலில் ஒரு மணிக்கணக்கு. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், முன்பின் தெரியாத இருவர் நண்பர்களாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடமும் அவர் கேட்டறிந்தார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்றே சொல்லிக்கொள்ளச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. அது முதியவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லை என்பதால் எண்களைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது அதைத்தான். ஒன்றாக வேலை பார்த்த நேரம் நெருக்கத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. சேர்ந்து சாப்பிட்டது, ஊர்க்கதை பேசியது, சும்மா உட்கார்ந்திருந்தது, இவைதான் கூட்டின.

முப்பது ஆண்டு ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவது பலருக்கு உள்ளூர வலிக்கிற விஷயம். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. குறை அவர்களிடம் இல்லை. சேர்ந்து கோப்புகளைப் பார்த்த நேரம் மலைபோல் இருந்தது. சேர்ந்து சும்மா இருந்த நேரம் கைப்பிடி அளவு.

இனி ஏரிக்கரைக்கு வருவோம். வலசைப் பறவைகள் தமிழ்நாட்டுக்கு வந்து தங்கும் பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை, சுமார் 26 ஞாயிற்றுக்கிழமைகள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும் நடை என்றால் பருவம் முழுக்க 78 மணி நேரம். ஒன்பது மணிக்கு எல்லாரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் அது 78ஆகவே நிற்கும். நடை முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 104. ஹால் சொல்கிற 90ஐ ஒரே பருவத்தில் தாண்டியாகிவிட்டது. அதுவும் நெருக்கத்தைக் கூட்டுகிற பேச்சு நேரத்தாலேயே தாண்டியாகிவிட்டது. துணை வேண்டும் என்று குழுவில் சேர்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு, பறவை பார்த்து முடிந்ததும் "வீட்ல வேலை இருக்கு" என்று கிளம்பிவிடுவது. பறவை காரணம், அந்த டீ நேரம்தான் காரியம்.

மதுரைக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய பசுமை நடை, கீழக்குயில்குடி சமணமலை, யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஞாயிறு காலைகளில் மக்களை அழைத்துப் போகிறது. பாறையில் வெட்டியிருக்கும் தமிழிக் கல்வெட்டையும் சமணப் படுக்கைகளையும் பார்த்துவிட்டு, தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் போன்றவர்கள் விளக்கிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, எல்லாரும் மர நிழலில் உட்கார்ந்து ஒன்றாகக் காலை உணவு சாப்பிடுவது அந்த நடையின் வழக்கம். அந்தப் பந்தியில் வங்கி மேலாளரும் ஆட்டோ ஓட்டுநரும் பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். கல்வெட்டின் எழுத்து மறந்துபோனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரின் முகம் மறக்காது. அடுத்த நடைக்கு அந்த முகத்தைத் தேடித்தான் பலர் போவார்கள். அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறுகளும் கழுகுகளும் வாழும் குன்று அது. அங்கே கல்வெட்டு பார்க்கப் போனவர் பறவை பார்ப்பவராகத் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு.

சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978 முதல் இயங்குகிறது. கோவையில் கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டி, சேலத்தில் சேலம் பறவையியல் கழகம் என்று வேறு ஊர்களிலும் குழுக்கள் உள்ளன. இப்படி ஒரு குழுவில் சேர நினைப்பவர் முன்கூட்டி மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். எவ்வளவு தூரம் நடப்பார்கள்? பாதியில் உட்கார்ந்துகொள்ளலாமா? திரும்பி வருவது எத்தனை மணிக்கு? உறுப்பினர் கட்டணம் போன்றவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பறவைக் குழுக்கள் பொதுவாக ஆமை வேகத்தில்தான் நகரும்; மூன்று மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் தாண்டாத நடைகள் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட இசைவான கூட்டம் கிடைப்பது அரிது. அதே வலியோடு புகைப்படக்காரர்களின் வேட்டைக்குப் பின்னால் போனால் அரை மணி நேரத்தில் தனியாக நிற்க நேரும். எந்தக் கூட்டம் நம் நடைக்கு ஏற்றது என்பதை முதல் நாளே பார்த்துவிடலாம்: கடைசியாக வருபவருக்காக யாராவது நிற்கிறார்களா என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

முதல் நாள் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவர்கள் தங்களுக்குள் பழைய பயணங்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஆங்கிலப் பெயர்களாகக் கொட்டுவார்கள். புதிதாக வந்தவர் ஒதுக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். மூன்று முறை போகாமல் ஒரு குழுவைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. இரண்டாம் முறை முகம் தெரிந்திருக்கும், மூன்றாம் முறை பெயர் கேட்பார்கள். அதற்குள் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு. கையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க சார், நான் எண்ணி எழுதிக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்வது. எழுதுகிறவரிடம் எல்லாரும் வந்து பேசித்தான் ஆக வேண்டும். "எத்தனை போட்டீங்க?" "நாமக்கோழி நாப்பத்திரண்டு." "இல்ல, அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கு, வாங்க." அவ்வளவுதான், இருவர் சேர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பதவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதும் முக்கியம். கண்காணிப்பாளராக இருந்தவருக்கும் தலைமையாசிரியராக இருந்தவருக்கும் இது கடினம். பல ஆண்டுகள் அவர்கள் சொல்ல மற்றவர்கள் கேட்ட பழக்கம். ஏரிக்கரையில் இருபது வயதுப் பெண் "அது வல்லூறு இல்லைங்க ஐயா, வைரி" என்று திருத்துவாள். "அப்படியாம்மா, எதை வச்சுச் சொல்றே?" என்று கேட்க முடிந்தவருக்கு அங்கேயே ஒரு துணை கிடைத்துவிடுகிறது.

இளையவர்களோடு சேர்வதில் இன்னொரு லாபம் உண்டு. வயது ஏற ஏற, கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் காதிலிருந்து முதலில் நழுவுகின்றன. பக்கத்து மரத்தில் தேன்சிட்டு கத்திக்கொண்டிருக்கும்; பெரியவருக்குக் கேட்காது. கேட்காததே அவருக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம். மெர்லின் செயலியில் 2021 முதல் குரலை வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் வசதி இருக்கிறது, அது கொஞ்சம் உதவும். ஆனால் கூட வரும் இளைஞர் தோளைத் தொட்டு மரத்தைக் காட்டுவதற்கு ஈடாகாது. பதிலுக்குப் பெரியவரிடமும் கொடுப்பதற்கு இருக்கிறது. அந்த ஏரியில் ஒரு காலத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எந்தக் கரையில் மரங்கள் இருந்தன, கரிச்சானை எந்த ஊரில் இரட்டைவால் குருவி என்பார்கள் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு. ஆறுமணிக்குருவியை இளைஞர் ஆங்கிலத்தில் பிட்டா என்று படித்திருப்பார். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது என்று பெரியவர் சொல்லும்போது, அந்த நடையில் இருவருக்கும் சமமான இடம் கிடைத்துவிடுகிறது. பெயர்களில் பொதுவான பிடி கிடைக்க ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட "பறவைகள்: அறிமுகக் கையேடு" பையில் இருந்தால் போதும்.

சாமான்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இரண்டு சொற்கள் மட்டும். புதிதாக வாங்குபவரிடம் கடைக்காரர் 10x42 பைனாகுலரைக் காட்டுவார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கருவி, கை நடுக்கத்தையும் பத்து மடங்கு காட்டும். முதியவர் கைக்கு எட்டு மடங்கே நல்லது. அதிலும் 8x42 முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கனக்கும். 8x32 அரைக் கிலோ அளவில் முடிந்துவிடும். வயதான கண்ணின் பாவை இருட்டிலும் இளமையில் விரிந்த அளவுக்கு விரியாது என்பதால், 42 மில்லிமீட்டர் கண்ணாடி தரும் கூடுதல் வெளிச்சத்தில் ஒரு பகுதி வீணாகத்தான் போகும். கழுத்தில் தொங்குகிற எடை குறைந்தால் மூன்றாம் மணி நேரத்திலும் பேசத் தெம்பு இருக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது சாமான், மடக்கு ஸ்டூல். கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வழிப்போக்கர்கள் தாமாக வந்து, "என்ன பாக்குறீங்க?" என்று கேட்பார்கள். நடந்துகொண்டே இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

குழுவே இல்லாத ஊரில் இருப்பவர் என்ன செய்வது? பெரும்பாலான வாசகர்களின் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அவர்களுக்குப் பொங்கலைவிட நல்ல தொடக்கம் இல்லை. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விதி மிக எளியது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பட்டியலாகப் பதிய வேண்டும். மொட்டை மாடி போதும். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, புறா போதும். அந்த நாட்களில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊருக்கு வந்திருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் விடுமுறையில் இருப்பார். "ஒரு கால் மணி நேரம் மாடிக்கு வாங்களேன், எனக்குத் தூரத்துல இருக்குறது சரியாத் தெரிய மாட்டேங்குது" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. உதவி கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அது எதிராளிக்கு ஓர் இடம் கொடுப்பது. பிப்ரவரி நடுவில் உலக அளவில் நான்கு நாட்கள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு, 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கி 2013இல் மற்ற நாடுகளுக்கும் விரிந்தது. பொங்கலுக்கு மாடி ஏறியவரை மறுபடியும் அழைக்க அது நல்ல சாக்கு.

பக்கத்து வீட்டை லேசாக நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஃபீபி ஸ்னெட்சிங்கர் 1965இல் நான்கு குழந்தைகளோடு வீட்டில் இருந்தவர். பக்கத்து வீட்டுத் தோழி ஒருவர் அவர் கையில் பைனாகுலரைக் கொடுத்து ஒரு சிறு பறவையைக் காட்டினார். 1981இல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, ஐம்பது வயதில் உலகம் சுற்றக் கிளம்பி, 1999இல் இறப்பதற்குள் 8,000க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பார்த்து முடித்தார். அத்தனையும் தோழியின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கியது.

பொங்கல் முடிந்ததும் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் நிலைநிறுத்த வேண்டும். "வசதிப்படும்போது போகலாம்" என்றால் யாருக்கும் வசதிப்படாது. ஞாயிறு காலை ஆறரை, மதகுப் பக்கம் என்று சொல்லிவிட்டு, யாரும் வராவிட்டாலும் நான்கு மாதம் விடாமல் அங்கே இருக்க வேண்டும். அந்த நான்கு மாதத்தில் மடை திறக்க வருபவர், மாடு மேய்ப்பவர், வலை போடுபவர், நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று நாலைந்து பேர் அன்றாடம் கடந்து போவார்கள். இவர்களைப் பார்வையாளர்களாக நினைப்பது தவறு. ஏரியில் எந்தப் பறவை எப்போது வந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

தமிழ்நாட்டில் பறவைகளைக் காத்தவர்கள் முதலில் கிராமத்தார்களே. வேடந்தாங்கலில் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் போய் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் எழுத்து மூலமாக உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் வயல் விளையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936இல்தான். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், கூடு கட்டிய பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் பைனாகுலரோடு போய் நிற்பவர், டீக்கடையில் உட்கார்ந்து "இந்த வருஷம் நத்தைகுத்தி நாரை எப்ப வந்துச்சுங்க?" என்று கேட்டாலே போதும். அரை மணி நேரத்தில் கடையில் இருப்பவர்கள் பாதிப் பேர் அவருக்குத் துணை.

பெண்களுக்கு இந்த அத்தியாயத்தின் யோசனைகள் பாதிதான் பயன்படும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலை ஆறு மணி என்பது ஆணுக்கு ஓய்வு நேரம். அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அடுப்பு நேரம். பேரப்பிள்ளைக்கு டிபன் கட்ட வேண்டும், கணவருக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும். தனியாக ஏரிக்கரையில் நின்றால் கேள்வி கேட்கிற கண்கள் உண்டு. கணவரை இழந்தவர் என்றால் கேள்விகள் இன்னும் கூடும். கரையில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வந்து மயங்குகிறவர்களும் உண்டு. இதற்கெல்லாம் ஒரே மருந்து என்று ஒன்றும் கிடையாது. ஆனால் சில வழிகள் வேலை செய்கின்றன. கோயில் பிரகாரத்திலோ பூங்காவிலோ ஏற்கெனவே அறிமுகமான ஒருவரோடு இரண்டு பேராகக் குழுவுக்குப் போவது. காலை நடைக்குப் பதில் மாலை நான்கரை மணி நடையைக் கேட்டு வாங்குவது. கூட்டுக்குத் திரும்பும் கொக்குகளையும் அரிவாள் மூக்கன்களையும் பார்க்க மாலையே சிறந்த நேரம். கழிப்பறை இருக்கும் சரணாலயங்களையும் பூங்காக்களையும் முதலில் தேர்ந்தெடுப்பது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கணவரின் வண்டிக்கோ மகனின் காருக்கோ காத்திருக்காமல் பக்கத்து ஊர்க் குளம் வரை இருவர் சேர்ந்து போய்வர முடிகிறது. குழு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நடை அறிவிப்பில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற ஒரு வரியைச் சேருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துக் கிளம்புகிற பெண்கள் இருக்கிறார்கள்.

பறவை பிடிக்காதவர்களுக்கு மரம் இருக்கிறது. சென்னையில் நிழல் அமைப்பு வட்டாரம் வட்டாரமாக மர நடைகள் நடத்திவருகிறது. மரம் பறந்து போகாது என்பதால் வேகம் இன்னும் குறைவு, பேச்சு இன்னும் அதிகம். கடல் பிடித்தவர்களுக்கு ஆமைகள். மாணவர்கள் 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு, ஜனவரி முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுக்க மணலில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரிக்கிறது. ஏழு கிலோமீட்டர் மணல் நடை எல்லா முழங்கால்களுக்கும் ஆகாது. அதற்குப் பதில், முட்டைகள் பொரியும் மாதங்களில் மாலை வேளையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போகலாம். அங்கே குழந்தைகள், தாத்தா பாட்டிகள், மீனவர்கள் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று அந்தச் சிறு உயிர்கள் அலையைத் தொடும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசாமல் இருப்பதுதான் அந்த நேரத்தில் கடினம். வெறும் நடை போதும் என்பவர்களுக்கு, 2023 நவம்பரில் அரசு தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தின் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் மாவட்டந்தோறும் உண்டு. எட்டையும் நடந்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

மலை மட்டும் வேறு கதை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை சார்பில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நாற்பது பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பை நம்பி அனுமதி இல்லாத குழுவோடு காட்டுக்குள் போவதைவிட, தெரிந்தவர்கள் நான்கு பேர் சேர்ந்து எளிய பாதை ஒன்றை முன்பதிவு செய்வது பாதுகாப்பு.

உடம்பைப் பற்றி மறைப்பதில் அர்த்தம் இல்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை சாப்பிடாமல் நடந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு இருக்கிறது. நடை நாளில் மருந்தையும் சாப்பாட்டையும் எப்படி மாற்றிக்கொள்வது என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும். பையில் நான்கு பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவை எந்தப் பையில் இருக்கின்றன என்று கூட வருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எனக்குச் சுகர் இருக்கு. திடீர்னு பேச்சு குழறினா இந்தப் பையைத் திறங்க" என்று சொல்லச் சிலர் கூச்சப்படுவார்கள். சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரில் இருப்பவர் உடனே தன்னுடைய ஸ்டென்ட் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். டீக்கடையில் பத்து ஞாயிறு உட்கார்ந்து பேசியும் வராத நெருக்கம் அந்த ஐந்து நிமிடத்தில் வரலாம்.

வயதான காலத்துத் துணைகளுக்கு ஒரு துயரம் உண்டு. அவர்கள் சட்டென்று இல்லாமல் போவார்கள். ஒருவர் மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்கா போவார், ஒருவர் மகன் வீட்டோடு பெங்களூருக்கு மாறுவார், ஒருவர் படுக்கையில் விழுவார், ஒருவர் இறந்தே போவார். ஒரே ஒருவரை நம்பி நடந்த நடை அன்றோடு நின்றுவிடும். இருவராக இருப்பவர்கள் சீக்கிரமே நான்கு ஐந்து பேராவதுதான் நல்லது. வெளிநாடு போனவரை விட்டுவிடவும் தேவையில்லை. இ-பேர்ட் கணக்கு எந்த நாட்டிலும் வேலை செய்யும். டல்லாஸில் மகள் வீட்டுக்குப் பின்னால் பார்த்த பறவைகளின் பட்டியலை அவர் அனுப்பினால், மதகுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் படித்துக் காட்டிக்கொள்ளலாம். படுக்கையில் விழுந்தவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணினாலும் அதுவும் ஒரு பட்டியல்தான். அவர் வீட்டுக்கு ஞாயிறு நடை முடிந்து இரண்டு பேர் போய், அங்கேயே டீ குடித்துவிட்டு வருவது அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று.

பீரோவில் பைனாகுலரை வைத்தவர் வரும் அக்டோபரில் அதை வெளியே எடுக்கலாம். இ-பேர்டில் பட்டியலைப் பதியும்போது, பறவைகளின் எண்ணிக்கையோடு, பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் ஒரு கட்டம் வரும். முதல் சில வாரங்கள் அவர் அதில் 1 என்று போடுவார். மதகுப் பக்கம், ஞாயிறு காலை ஆறரை, மடக்கு ஸ்டூல். ஏதோ ஒரு வாரம் வலைக்காரரோ அந்த ஆசிரியையோ நின்று, பைனாகுலரை வாங்கிப் பார்த்து, "அந்த மஞ்சள்மூக்கு நாரை பதினாலு இல்ல, பதினாறு" என்று திருத்துவார். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் 2 என்று போட்டுவிட்டு, டீக்கடையில் இரண்டு டீ சொல்ல வேண்டியதுதான்.